நாலு லிட்டர் அம்மா

என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னை அழச் சொன்னார்கள். ஒரே ஒருத்தர்தான் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மலைப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை அந்த அம்மா. கொல்லிமலையிலிருந்து எழுபது வளைவும் இறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, கையில் மாலையோடு ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தது. மாலையைப் போட வேண்டிய இடத்தில் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தார். என் புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். தூக்கின தோல் திரும்பப் படிகிறதா என்று குனிந்து பார்த்தார்.

“பாரு சாமி, தோலு அப்பிடியே நிக்குது. ஒடம்புல சொட்டு ஈரமில்ல. அழுகறதுக்காச்சும் தண்ணி வேணுமில்ல? குடி.”

பாட்டில் முழுவதையும் குடித்தேன். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு என் தொண்டையில் இறங்கிய முதல் பொருள் அதுதான். ‘புருசன் கெடக்கையில மடக்கு மடக்குன்னு குடிச்சா’ என்று என் மாமியார் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். சொல்லட்டும். அன்றைக்கு என்னையும் ஓர் உயிராக நினைத்தது அந்த அம்மா ஒருத்தர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி சொல்லப்போவதில் நல்லதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

என் வீட்டுக்காரருடைய வேலையைக் கருணை அடிப்படையில் எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அந்த அம்மாதான். எத்தனை மனு, எத்தனை நினைவூட்டுக் கடிதம்! ஒவ்வொன்றையும் தன் கையாலேயே எழுதினார். நாமக்கல்லுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். மூன்றாம் வருஷம், அரியூர் நாடு என்கிற மலை ஊர்த்தொகுதியில் இருந்த அதே பள்ளிக்கூடத்தில், என் வீட்டுக்காரர் உட்கார்ந்த அதே நாற்காலியில் கிளார்க்காக உட்கார்ந்தேன். எல்லோரையும் போல நானும் அவரை, ஹெட்மிஸ்ட்ரஸ் என்பதைச் சுருக்கி, எச்செம் அம்மா என்று கூப்பிட்டேன். பிள்ளைகள் மட்டும் முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் வைத்திருந்தார்கள். நாலு லிட்டர்.

பெயர் பொருத்தம்தான். காலையில் பல் விளக்குமுன் நாலு டம்ளர். பள்ளிக்கூடம் வரும்போது ஒரு தோளில் கைப்பை, மறு தோளில் தண்ணீர்ப் பை. மேசைமேல் மூடி போட்ட செம்பு ஜாடி. கையெழுத்துப் போட்டுக்கொண்டே குடிப்பார். யாரையாவது திட்டும்போது நடுவில் நிறுத்தி, இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டுவார். திட்டு வாங்குகிறவர் அதுவரை நின்றுகொண்டிருக்க வேண்டும். வயது ஐம்பத்தாறு, முகத்தில் ஒரு கோடு கிடையாது. கன்னம் இப்போதுதான் கழுவி வைத்த தக்காளி மாதிரி இருக்கும். “நான் ஒரு நாளும் பவுடர் போட்டதில்ல சாமி, எல்லாம் தண்ணி” என்பார். அது உண்மைதான். பொய் சொல்லவே தெரியாதவர் என்றுகூட அப்போது நினைத்திருந்தேன்.

யாரைக் கண்டாலும் கையைப் பிடித்துக் கிள்ளிப் பார்ப்பார். சத்துணவு சமைக்கிற அக்கா, புதிதாக வந்த கணக்கு சார், ஆய்வுக்கு வந்த அதிகாரி, ஒருத்தரையும் விட்டதில்லை. ஒருமுறை மலையிலேயே இருக்கும் குண்டூர் நாட்டிலிருந்து ஒருத்தர் சாதிச் சான்றிதழ் விஷயமாக வந்தார். தினமும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, மூட்டை சுமந்து பிழைப்பவர். வெயிலில் கிடந்து கிடந்து தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது. எச்செம் அம்மா அவர் கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு வயதைக் கேட்டார்.

“நாப்பத்தாறுங்க.”

“ஏனுங்க, என்னைய விடப் பத்து வயசு சின்னவரு! மூஞ்சியப் பாத்தா என்ற அப்பனாட்ட இருக்கறீங்க? தண்ணியே குடிக்கறதில்லீங்களா?”

“குடிக்கறமுங்கம்மா. வெயிலுதானுங்க கொஞ்சம் சாஸ்தி.”

ஆபீஸில் இருந்த நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், வேறு என்ன செய்வார். வெளியே நின்றுகொண்டிருந்த அவர் மகள் சிரிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் படித்த கோகிலா அவள். இந்தக் கதை அவளைப் பற்றியதில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடங்களில் தண்ணீர் மணி அடிக்கிற பழக்கம் வந்தது. நாளுக்கு மூன்று தடவை மணி அடிக்கும். பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும். மற்ற பள்ளிக்கூடங்களில் அது ஒரு மணி, அவ்வளவுதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் திருவிழா. பாட்டில் இல்லாத பிள்ளைகளுக்கெல்லாம் தானே பாட்டில் வாங்கிக் கொடுத்தார். மணி அடித்ததும் வகுப்பு வகுப்பாக நுழைந்து, ஒவ்வொரு பாட்டிலையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பார். சொட்டு விழுந்தால் தொலைந்தது. பிரம்பைத் தொட மாட்டார், அவர் நாக்கே போதும். “இந்தத் தோலை வெச்சுக்கிட்டா கண்ணாலம் பண்ணப் போற? மாப்பளை ஊட்டுக்காரங்க கருவாடுன்னு நெனச்சுத் திரும்பிப் போயிருவாங்க” என்பார். வகுப்பே சிரிக்கும்.

எல்லாம் சரி. குடித்தால் போக வேண்டும் அல்லவா?

பையன்களுக்கு மலை முழுவதும் சுவர்தான். பெண்பிள்ளைகளுக்கென்று புதுக் கழிப்பறை ஒன்று கட்டிக் கொடுத்திருந்தார்கள். டைல்ஸ் தரை, நீலக் கதவு, தண்ணீர்க் குழாய் எல்லாம் உண்டு. கழிப்பறை சுத்தமாக இருக்கிறது என்று தினமும் ஒரு போட்டோ எடுத்து, தலைமையாசிரியர்களின் வாட்சப் குழுவில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு நாள் போட்டோவில் தரையில் சேற்றுக் கால்தடம் தெரிந்துவிட்டது. ‘இதுதான் உங்கள் சுத்தமா?’ என்று மேலதிகாரி குழுவிலேயே கேட்டுவிட்டார். எத்தனையோ தலைமையாசிரியர்கள் பார்க்க! எச்செம் அம்மா அன்றைக்கு முழுதும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றால் நம்புங்கள்.

மறுநாள் பூட்டு வந்தது. தினமும் காலையில் கூட்டுகிற அம்மா வந்து பினாயில் ஊற்றிக் கழுவுவார். ஈரம் பளபளக்கும்போதே எச்செம் அம்மா போட்டோ எடுப்பார். உடனே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். யாரும் போகாத கழிப்பறையைத் தினமும் கழுவி, போட்டோ பிடித்து, பூட்டி வைத்தோம். சூடம் கொளுத்திக் காட்டாததுதான் பாக்கி. ‘மலையில் இப்படி ஒரு கழிப்பறையா!’ என்று குழுவில் பாராட்டு வந்தது. அந்தப் பாராட்டை எனக்கு வாசித்துக் காட்டினார்.

“பொம்பளப் புள்ளைக எங்கம்மா போகும்?” என்று ஒரே ஒரு தடவை கேட்டேன்.

“நாமெல்லாம் படிக்கையில அடக்கிக்கலயா சாமி? நாலு மணிக்கு ஊட்டுக்குப் போயிப் போகட்டும். தெறந்து உட்டா ஒரே நாள்ல நாறடிச்சிருங்க.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மட்டும் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை அந்தச் சாவி கிடைக்கும். இடுப்பிலிருந்து எடுத்து, யாரும் பார்க்காமல் என் உள்ளங்கையில் வைத்து, “வெரசா வா” என்பார். டீச்சர்கள் பக்கத்து வீடுகளில் போய்க் கெஞ்சிக்கொண்டு நின்றபோது நான் ராணி மாதிரி டைல்ஸ் தரையில் போய்வந்தேன். என் வாய்க்கு அந்தப் பூட்டே போதுமாக இருந்தது.

பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? மணி அடித்ததும் வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டு, அந்த அம்மா அடுத்த வகுப்புக்குப் போனதும் ஜன்னல் வழியே மிளகுக் கொடியில் துப்புவார்கள். பாதி பாட்டிலைச் சுடிதாருக்குள் ஊற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தவளையும் பார்த்திருக்கிறேன். கொல்லிமலைக் குளிரில்! ஏமாற்றத் தெரியாதவள் கோகிலா ஒருத்திதான். ஏமாற்ற அவளுக்கு மனசும் இல்லை, ஏனென்றால் அவள் எச்செம் அம்மாவை நம்பினாள்.

அவளுக்கு நர்ஸாக வேண்டும். அவள் ஊரில் பெண்பிள்ளை யாரும் பன்னிரண்டைத் தாண்டினதில்லை. நல்ல மார்க் வாங்குவாள், உயிரியலில் அவள்தான் எப்போதும் முதல். “பரீட்ச முடியட்டும் கண்ணு, நர்சிங் பாரத்த நானே என்ற கையால எழுதிப் போடறேன்” என்று எச்செம் அம்மா சொல்லியிருந்தார். சொன்னால் செய்வார். எனக்குச் செய்தவர்தானே.

ஒரு நாள் காலை வழிபாட்டில் அவளைக் கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார். குளிர்காலம், கோகிலாவின் கன்னமும் உதடும் வெடித்திருந்தன. மோவாயைப் பிடித்து முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

“இவ மூஞ்சியப் பாருங்க. காஞ்ச ஏரியாட்ட வெடிச்சுக் கெடக்குது. இவ நாளைக்கு நர்சு ஆகி ஊசி போட வந்தா, சீக்காளி பயந்துக்கிட்டு எந்திரிச்சு ஓடிருவான்!”

சிரிப்பு எழும்பிற்று. கோகிலாவும் சிரிக்கப் பார்த்தாள். உதடு பிளந்து ரத்தம் வந்தது.

அன்றிலிருந்து மூன்று தண்ணீர் மணிக்கும் மூன்று பாட்டில், அடிவரைக்கும் குடித்தாள். நாலு மணிவரை அடக்கிக்கொண்டிருப்பாள். அதற்குமேல் பஸ். சில நாள் நானும் அந்த பஸ்ஸில் கொஞ்ச தூரம் போவேன். இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, காலைக் காலோடு சேர்த்து, கண்ணை மூடி நிற்பாள். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடிப்பது தெரியும். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

இரண்டு மாதத்தில் முகம் கொஞ்சம் பளிச்சென்று ஆனது. குளிர் போனதாலா, அவள் அம்மா வாங்கிக் கொடுத்த தேங்காய் எண்ணெயாலா, யார் கண்டது? எச்செம் அம்மா மறுபடியும் அவளை மேடையேற்றி, “பாத்தீங்களா? எல்லாம் தண்ணி!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கோகிலா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இடையில் இரண்டு தடவை காய்ச்சல் என்று லீவு போட்டாள். அடிவயிற்று வலி என்று கடிதத்தில் எழுதியிருந்தது. அது என்ன வலி என்று எனக்குத் தெரியும். எச்செம் அம்மா லீவில் போன நாள்களில் சாவி கிடைக்காமல் நானும் பட்டிருக்கிறேன். கடிதத்தை எச்செம் அம்மாவிடம் காட்டினேன். “தண்ணி பத்தல அவளுக்கு. இன்னும் ரெண்டு டம்ளர் சேத்துக் குடிக்கச் சொல்லு” என்றார். சொன்னேன். சரிங்க்கா என்றாள்.

பொதுத்தேர்வு வந்தது. தேர்வு நாள்களில் தலைமையாசிரியர்களை வேறு பள்ளிக்கூடத்துக் கண்காணிப்புக்குப் போடுவார்கள். எச்செம் அம்மாவுக்கு அடிவாரத்தில் ஒரு மையம். ஒவ்வொரு தேர்வுக்கும் விடியும்போதே கிளம்பிப் போகுமுன் சாவியை என் மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போவார். வெளியாட்கள் வருகிற நாளில்லையா, திறந்து வைக்க வேண்டுமே. உயிரியல் தேர்வன்றைக்கு டிராயரைத் திறந்தால் சாவி இல்லை. மறந்து இடுப்போடு கொண்டுபோய்விட்டார். எட்டே காலுக்கு ஆபீஸ் போனில் கூப்பிட்டார், சாவியைப் பற்றிச் சொல்லத்தான் என்று நினைத்தேன்.

“சாமி, ஒவ்வொரு புள்ளையும் உள்ள போறதுக்கு முந்தி ஒரு பாட்டில் முழுசாக் குடிக்கோணும். மூளையில ஈரம் இருந்தாத்தான் படிச்சது ஞாபகம் வரும். நீ பக்கத்துல நின்னு குடிக்க வெய்யி.”

“சாவி, அம்மா...”

“ஐயோ, இங்க வந்துருச்சு! சரி, ஒரு நாளைக்குத்தான. மூணு மணி நேரம் அடக்கிக்க மாட்டாங்களா?”

போனை வைத்துவிட்டார். மாற்றுச் சாவி கிடையாது. கல்லால் பூட்டை உடைத்திருக்கலாம். எங்கள் பள்ளிக்கூடத்து மையத்துக்கு வந்திருந்த கண்காணிப்பாளரிடம் சொல்லியிருக்கலாம். ஆம்பளை அவர், அவருக்கு அந்த நினைப்பே வராது, சொல்லித்தான் ஆக வேண்டும். நான் சொல்லவில்லை. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். என் டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம்வரை நான் ஒரு வாய் குடிக்கப் போவதில்லை.

அப்புறம் வாசலில் போய் நின்று பிள்ளைகளைக் குடிக்க வைத்தேன்.

கோகிலா பாதி குடித்துவிட்டு நிறுத்தினாள். “போதுங்க்கா. நடுவுல எந்திரிக்க வேண்டி வந்துருமுங்க.”

“அம்மா சொல்லிருக்காங்க கண்ணு. குடிச்சுரு.”

அம்மா சொன்னது என்றதும் மறுபேச்சில்லாமல் குடித்தாள். நான் தொடாத தண்ணீரை அவள் வாயில் ஊற்றினது நான்தான்.

பதினொன்றரை மணி இருக்கும். ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்து, உதட்டுக்கு மேல் வேர்த்திருந்தது.

“அக்கா, சாவி...”

“இல்ல கண்ணு, அம்மாகிட்டப் போயிருச்சு. பின்னால சுவத்தோரமாப் போயிட்டு ஓடியா. ஆரும் வர மாட்டாங்க.”

தேர்வு நடுவில் வெளியே வருகிற பிள்ளைக்குத் துணைக்குப் போக வேண்டும் என்பது விதி. எங்கள் டீச்சர்களும் வேறு மையங்களுக்குப் போயிருந்ததால், அங்கே தேர்வு வேலையில் இருந்த ஒரே பொம்பளை நான்தான். விடைத்தாள் உறைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன், எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தது. அவள் போனாள்.

அந்தச் சுவரோரம் ஒரு குப்பைமேடு. உள்ளே நுழையுமுன் பிள்ளைகள் பயந்துபோய், காப்பியடிக்கக் கொண்டுவந்த பிட்டுகளைக் கிழித்து வீசுகிற இடம் அதுதான். அன்றைக்குக் காலையிலும் வீசியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பறக்கும் படை ஜீப் உள்ளே வந்தது. இரண்டு அதிகாரிகள். கட்டடத்தின் மூலையில் துணியைச் சரிசெய்துகொண்டே வந்த கோகிலாவைப் பார்த்தார்கள். பின்னால் போய்ப் பார்த்தார்கள். ஒருத்தர் குனிந்து நாலைந்து துண்டுக் காகிதங்களைப் பொறுக்கினார். அதில் ஒன்று உயிரியல்.

“எங்கம்மா போயிட்டு வர்ற?”

கோகிலா அவர்களுடைய ஷூவைப் பார்த்தாள். அவள் வளர்ந்த வீட்டில் பெற்ற அப்பனிடம்கூட அந்தக் காரியத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முன்பின் தெரியாத இரண்டு ஆம்பளைகளிடம் எப்படிச் சொல்வாள்?

“தண்ணி குடிக்கப் போனேனுங்க சார்” என்றாள்.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார் ஒருத்தர். அவள் பெஞ்சில் இன்னொரு பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. எச்செம் அம்மாவின் உத்தரவு, ஒன்று குடிக்க, ஒன்று வைத்துக்கொள்ள.

அதிகாரி ஒன்றும் கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கும் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டு, “டாய்லெட் பூட்டிக் கெடக்குதேம்மா, ஏன்?” என்றார்.

“இதோ வரேங்க சார்” என்று உள்ளே ஓடி எச்செம் அம்மாவுக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

“பதறாத சாமி. மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடி.”

“அம்மா, அந்தப் புள்ள...”

“சாவி ஆபீஸ்லதான் இருக்குன்னு சொல்லு. தெனமும் போட்டோ போட்டிருக்கறேன். பூட்டி வெச்சிருந்தது வெளிய வந்தா ரெண்டு பேருத்துக்கும் மெமோதான். உன்ற வேல இன்னும் நிரந்தரமாகல, ஞாபகம் வெச்சுக்க. என்ன பாடுபட்டு உன்னைய உள்ள கொண்டாந்தேன்!”

பீரோ சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

“சாவி இங்கதாங்க சார் இருக்குது. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்” என்று தூக்கிக் காட்டினேன். கொத்து கலகலவென்று சத்தம் போட்டது. அதை வாங்கிப் பூட்டில் போட்டுப் பார்ப்பார்கள் என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டேன், சத்தியமாக. பார்க்கவில்லை. கோகிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்களைப் பொய்க்காரி என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

“கழிப்பறைக்குச் சாவி இருக்கு. பெஞ்சில தண்ணி இருக்கு. அப்பறம் பிட்டுக் கெடக்கற எடத்துல உனக்கு என்ன வேல?” என்றார் அதிகாரி. அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

விடைத்தாளை வாங்கிக்கொண்டார்கள். விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ‘தண்ணீர் குடிக்கச் சென்றேன்’ என்று முத்து முத்தான எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். அந்தக் காகிதத்துக்கு வரிசை எண் போட்டு உறையில் வைத்தது நான்.

சாயங்காலம் வந்த எச்செம் அம்மா நிஜமாகவே கண் கலங்கினார். “நீ கூடப் போயிருந்தா இது நடந்திருக்குமா?” என்று என்னைக் கேட்டார். இரவோடு இரவாகக் கோகிலாவுக்காக ஒரு கருணை மனு எழுதினார். என் வேலைக்கு எழுதின அதே கை, அதே நடை. ஏழைப் பெண், மலைவாழ் குடும்பம், வீட்டில் முதன்முதலாகப் படிப்பவள், எதிர்காலம் பாழாகிவிடும். படித்தால் கல்லும் கரையும். பூட்டைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. நான் டைப் அடித்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் கழிப்பறைப் போட்டோ வழக்கம்போலக் குழுவுக்குப் போயிற்று.

மனு பலிக்கவில்லை. தேர்வு ரத்து, இரண்டு வருஷம் எழுதக் கூடாது என்று தபால் வந்தது. நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். எச்செம் அம்மாவுக்கு மனசு தாங்காதாம், என்னைப் போகச் சொன்னார்.

குண்டூர் நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் நடந்தேன். அவள் அப்பா என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிலில் துண்டை விரித்தார். ஸ்கூலிலிருந்து ஆள் தேடி வந்தால் நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டார் பாவம். பலாச்சுளை கொண்டுவந்து வைத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“ரெண்டு வருசம் கழிச்சு எழுதலாமுங்களா?” என்றார்.

“எழுதலாமுங்க.”

“அது வரைக்கும் புள்ளைய ஊட்டுல வெச்சுக்க முடியாதுங்களே. பொண்ணு கேட்டு வந்துருவாங்க” என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார். மாடு சும்மாதான் நின்றுகொண்டிருந்தது.

கோகிலா வந்து நான் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவளிடம் தனியாக நின்றபோது என்னையறியாமல் வந்துவிட்டது. “அன்னைக்கு நான் காட்டுனது பீரோ சாவி கண்ணு.”

“தெரியுங்க்கா. அதத் தெறந்துதான எங்களுக்கு ஹால் டிக்கெட்டு எடுத்துக் குடுத்தீங்க.”

அவள் குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“மில்லு வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. டிசி கேக்கறாங்க” என்றாள். “டிசி புக்கும் அந்த பீரோவுலதான இருக்குது? அதையாச்சும் தெறந்து குடுத்துருங்க.”

மறுநாள் முதல் வேலையாக பீரோவைத் திறந்தேன். மாற்றுச் சான்றிதழில் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதினேன். மாணவியின் நடத்தை என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. எடுத்துக்கொண்டு எச்செம் அம்மாவிடம் போனேன். அவர் ஜாடியைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு, “என்ன சாமி?” என்றார்.

“நடத்தைக்கு என்னம்மா போடறது?”

“நன்றுன்னே போடு, பாவம். நம்ம கையில இருக்கறத நாம செஞ்சு குடுக்கோணுமில்ல?”

போட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். நான் சீல் வைத்தேன்.